பழசி அரசரும் வயநாட்டு வில்லாளரும்

உதகையினின்றும் மேற்கு நோக்கிச் செல்லும் மலைப்பாதை நடுவட்டத்தைக் கடந்ததும் வளைந்து வளைந்து கீழிறங்குகிறது. குளிரும் மஞ்சும் சிறிது சிறிதாகக் குறைகின்றன. சில்வர் ஓக் மரங்களின் நிழலில் பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற தேயிலைத் தோட்டங்கள் தோன்றுகின்றன. அவற்றிற்கு அப்பால் மூங்கிற் காடுகளும், தாழ்ந்த வயல்களும் கண்ணுக்குப் புலனாகின்றன. அப்பாதை சென்று சேரும் ஊரே கூடலூர். மைசூரிலிருந்து முதுமலைக் காட்டின் ஊடே வரும் சாலையும், நிலம்பூரிலிருந்து நாடுகாணி மலையேறி வரும் சாலையும், சுல்தான் பத்தேரியிலிருந்து வரும் சாலையும் அங்கே ஒன்று கூடுகின்றன. தமிழும் மலையாளமும் கன்னடமும் படுகும் அவ்வூர்க் கடைத்தெருவில் ஒருங்கே ஒலிப்பதைக் கேட்கலாம். இம்மொழிகள் அங்கு வருமுன்னரே அம்மண்ணில் வாழ்ந்தவர்கள் பணியரும் குறும்பரும் காட்டுநாயக்கரும் ஆவர்.

கூடலூர் இன்று நீலகிரி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் 1877ஆம் ஆண்டு வரையில் அது மலபார் மாவட்டத்து வயநாட்டின் தென்கிழக்குப் பகுதியாகவே இருந்தது. இன்றைய கூடலூர், பந்தலூர் வட்டங்களும், எல்லைக்கு அப்பாலுள்ள சுல்தான் பத்தேரி, புல்பள்ளி, மானந்தவாடி ஆகிய ஊர்களும் ஒரே மேட்டுநிலம். மாவட்ட எல்லை என்பது ஏட்டில் வரைந்த கோடு. காட்டு யானைகள் அக்கோட்டை அறியா. ஆதலின், வயநாட்டின் பெருவீரர் ஒருவரின் வரலாறு கூடலூரார்க்கும் சொந்த வரலாறேயாகும். அவ்வீரர் பழசி அரசர் எனப் புகழ்பெற்ற கேரளவர்மர்.

வடமலபாரில், தலைச்சேரிக்கு அருகே, கோட்டயம் என்னும் சிறு நாடு ஒன்று இருந்தது. தென் கேரளத்தில் இப்பொழுது அப்பெயரால் வழங்கும் பெருநகர் வேறு, இது வேறு. அந்நாட்டின் அரச குடும்பம் பல கிளைகளாகப் பிரிந்து வாழ்ந்தது. பழசி என்னும் ஊரில் அரண்மனை கொண்டிருந்த மேலைக் கிளையில் 1753ஆம் ஆண்டு கேரளவர்மர் பிறந்தார் என்பர். கடற்கரையை அடுத்த மிளகுத் தோட்டங்களும், மலைமீதிருந்த வயநாடும் அக்குடும்பத்தின் ஆட்சியில் இருந்தன. மிளகு அக்காலத்தில் பொன்னுக்கு ஒப்பாக மதிக்கப்பட்டது. பிரெஞ்சுக்காரர் மாகியிலும், ஆங்கிலேயர் தலைச்சேரியிலும் பண்டகசாலை அமைத்துக் காத்திருந்தது அம்மிளகுக்காகவே.

கேரளவர்மர் இளைஞராய் இருந்தபோது மைசூர் வேந்தர் ஐதர் அலியின் படை மலபாரில் புகுந்தது. அரசர்கள் பலர் தம் நாட்டை விட்டுத் திருவிதாங்கூருக்கு ஓடி அடைக்கலம் புகுந்தனர். கோட்டயத்து மூத்த அரசரும் அவ்வாறே சென்றார். இளையவராகிய கேரளவர்மர் மட்டும் செல்லவில்லை. அரியணைக்கு உரியவர் பலர் தமக்கு முன்னே இருந்தும், நாட்டைக் காக்கும் கடமை அவர் தோள்மீது வந்து அமர்ந்தது. அவர் காட்டிற் புகுந்து, மக்களைத் திரட்டி, மைசூர்ப் படையை ஓயாது தாக்கினார். 1779ஆம் ஆண்டு தொடங்கி 1782ஆம் ஆண்டு வரையில் மைசூர்ப் படை தலைச்சேரியை முற்றுகையிட்டிருந்த காலத்தில், ஆங்கிலக் கும்பினியார்க்கு அவர் செய்த உதவி பெரிது. பின்னாளில் கும்பினியாரை எதிர்த்து உயிர் நீத்தவர் முன்னாளில் அவர்களுக்கு உற்ற நண்பராய் இருந்தார் என்பதை மறத்தல் ஆகாது.

1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் கும்பினியாருடன் உடன்படிக்கை செய்துகொண்டார். அதன்படி மலபார் கும்பினியார் கைக்கு வந்தது. நட்புக் கொண்ட அரசர்களுக்கு அவரவர் நாடு திரும்பக் கிடைக்கும் என்று மக்கள் எதிர்பார்த்தனர். கும்பினியாரோ நாட்டை ஆள்வதைவிட அதன் வரியைக் குத்தகைக்கு விடுவதிலேயே கருத்தாய் இருந்தனர். கோட்டயத்தின் வரி தண்டும் உரிமையை, இத்தனை ஆண்டுகள் அந்நாட்டைக் காத்து நின்ற கேரளவர்மருக்கு வழங்காமல், அவருடைய மாமனாகிய குறும்பிரநாட்டு அரசர் வீரவர்மருக்கு வழங்கினர். வீரவர்மர் கும்பினியார்க்கு ஒப்புக்கொண்ட தொகை பெரிது. அத்தொகை குடிகளின் களத்திலிருந்தே வரவேண்டும். மிளகுக் கொடிகளை எண்ணி வரி விதித்தனர். போரினால் பாழான நிலத்திற்கும் வரி கேட்டனர்.

கேரளவர்மர் இதனைப் பொறுக்கவில்லை. 1795ஆம் ஆண்டு கோட்டயம் முழுவதும் வரி தண்டுவதையே தடுத்து நிறுத்தினார். கும்பினி அதிகாரிகளுக்கு அவர்மீது வேறு குற்றச்சாட்டுகளும் இருந்தன. தம் நாட்டில் கொள்ளையிட்டோர்க்கு அவர் பழைய வழக்கப்படி கொடிய தண்டனை விதித்தார். அதனை அதிகாரிகள் கொலைக்குற்றம் என்றனர். அவருடைய தண்டனை முறை இக்காலத்து நெஞ்சம் ஏற்கத்தக்கதன்று. ஆயினும் வழக்கின் வேர் அதுவன்று. தம் நாட்டில் நீதி வழங்கும் உரிமை யாருக்கு உரியது என்பதே அதன் வேர்.

1796ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் கும்பினிப் படை ஒன்று தலைச்சேரியிலிருந்து இரவோடிரவாகச் சென்று பழசி அரண்மனையை வளைத்துக்கொண்டது. அரசர் முன்னரே அறிந்து வெளியேறிவிட்டார். அரண்மனை சூறையாடப்பட்டது, தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த செல்வமெல்லாம் பறிபோயிற்று. அன்று முதல் மாடமாளிகை அவருக்கு இல்லையாயிற்று. மலையேறி வயநாட்டுக்குச் சென்றார். மூங்கிற் புதரும் மலைக் குகையும் அவருக்கு அரண் ஆயின.

கடற்கரை நாட்டிலிருந்து வயநாட்டுக்கு ஏறுவதற்குச் சில கணவாய்களே உண்டு. மலையாளத்தார் அவற்றைச் சுரம் என்பர். ஒருபுறம் செங்குத்தான பாறை, மறுபுறம் ஆழ்ந்த பள்ளம், இடையே ஒருவர்பின் ஒருவராய்ச் செல்லத்தக்க ஒற்றையடிப் பாதை. இருமருங்கும் அடர்ந்த காடு. அணிவகுத்து நின்று சுடுவதற்குப் பழகிய படைக்கு அங்கே அணிவகுக்க இடமில்லை. பீரங்கியை இழுத்துச் செல்ல வழியில்லை. 1797ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மேஜர் கேமரன் என்பவரின் தலைமையில் ஏறக்குறைய 1100 பேர் கொண்ட கும்பினிப் படை பேரியாச் சுரத்தின் வழியே இறங்கியபோது, பழசி வீரர்கள் மறைந்திருந்து தாக்கினர். அம்புகளும் குண்டுகளும் எத்திசையினின்று வருகின்றன என்று அறியாமலே அப்படை சிதறியது. கேமரனும் வேறு சில ஆங்கில அதிகாரிகளும் மாண்டனர்.

இத்தோல்வி கும்பினியாரைத் திடுக்கிடச் செய்தது. பம்பாய் ஆளுநர் ஜானதன் டங்கனும் அம்மாகாணத்துப் படைத்தலைவரும் தாமே மலபாருக்கு வந்தனர். திப்புவின் பகைமை இன்னும் ஓயாத அந்நேரத்தில் மலையில் ஒரு போரை வளர்ப்பது அறிவுடைமையன்று என உணர்ந்து சமாதானம் பேசினர். கேரளவர்மரும், ஒருகாலத்தில் தாம் எதிர்த்துப் போரிட்ட மைசூராரிடமே வெடிமருந்து பெறும் நிலையில் இருந்தார். உடன்பாடு ஏற்பட்டது. வீரவர்மருக்கு அளித்த குத்தகை நீக்கப்பட்டது; கேரளவர்மருக்கு ஆண்டுதோறும் 8000 ரூபாய் அளிப்பதென்றும் முடிவாயிற்று. பேரரசு ஒன்று மலைநாட்டுத் தலைவர் ஒருவரோடு சரிநிகராய் அமர்ந்து பேச நேர்ந்தது மலபார் வரலாற்றில் அரிய செய்தி.

சமாதானம் இரண்டு ஆண்டுகளே நிலைத்தது. 1799ஆம் ஆண்டு சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு போர்க்களத்தில் உயிர் நீத்தார். அதன்பின் வயநாடும் தமக்கே உரியது என்று கும்பினியார் கொண்டனர். கேரளவர்மரோ அது தம் முன்னோர் ஆண்ட நாடு என்று உறுதியாய் நின்றார். மீண்டும் போர் மூண்டது. இம்முறை அவரை அடக்கும் பொறுப்பு ஓர் இளந்தளபதியிடம் ஒப்படைக்கப்பட்டது. கேரளவர்மருக்கு அப்பொழுது வயது நாற்பத்தேழு, அத்தளபதிக்கு முப்பத்தொன்று. அவர் பெயர் ஆர்தர் வெல்லெஸ்லி. பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1815இல் வாட்டர்லூப் போர்க்களத்தில் நெப்போலியனை வென்று, வெல்லிங்டன் கோமகன் என்று உலகமெல்லாம் அறியப்பட்டவர் அவரே.

வெல்லெஸ்லி காட்டுப் போரின் இயல்பை விரைவில் அறிந்துகொண்டார். துரத்திச் சென்று பிடிக்கும் போர் இதுவன்று எனக் கண்டார். காட்டை வெட்டிப் படை செல்லத்தக்க சாலைகள் அமைக்கவும், சாலைதோறும் காவல் நிலைகள் நிறுவவும் திட்டம் வகுத்தார். அவர் தாமே வயநாட்டில் நின்று அப்போரை நடத்தவில்லை, சீரங்கப்பட்டணத்திலிருந்து கட்டளையிட்டார். கர்னல் ஸ்டீவன்சன் 1801ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பெரும்படையுடன் வயநாட்டில் புகுந்தார். சில திங்களில் முக்கியமான இடங்கள் யாவும் கும்பினியார் வசமாயின. அரசரின் துணைவருள் ஒருவரான கண்ணவத்துச் சங்கரன் நம்பியார் பிடிபட்டுத் தூக்கிலிடப்பட்டார். அரசர் காட்டில் மறைந்தார். போர் முடிந்துவிட்டது என்றே அதிகாரிகள் எண்ணினர்.

இங்கு நாம் சற்று நின்று, அரசரோடு நின்ற மக்களைக் காண்போம். வரலாற்று நூல்கள் அரசர் பெயரைச் சொல்லி விரைந்து சென்றுவிடுவதால் இவர்கள் நம் கண்ணில் படுவதில்லை. எடச்சேன குங்கன் என்பவர் வயநாட்டு நாயர் குலத் தலைவர். அரசரின் வலக்கை போன்றவர். ஏறநாட்டு மாப்பிள்ளைமாரின் தலைவராகிய அத்தன் குரிக்கள் கும்பினியாரைத் தனியே எதிர்த்துப் போரிட்டுக்கொண்டிருந்தார். பின்னர் அரசரோடு கைகோத்தார். முன்னாளில் அரசருக்கும் மாப்பிள்ளைமார்க்கும் பகை இருந்தது. பொதுப்பகை வந்தபோது அப்பகை மறைந்தது. இவர்கள் எல்லாருக்கும் மேலாக நம் நெஞ்சைக் கவர்பவர்கள் குறிச்சியர் என்னும் மலைவாழ் மக்கள்.

குறிச்சியர் வயநாட்டுப் பழங்குடியினர். மலைச்சரிவில் நெல்லும் தினையும் விளைத்தனர், வேட்டையாடினர். வில் அவர்கள் கையின் நீட்சிபோல் விளங்கியது. பல குடும்பத்தார் ஒரே பெருவீட்டில், ஒரே தலைவரின் கீழ் வாழ்வது அவர்கள் வழக்கம். இன்று கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் வாழும் முள்ளுக் குறும்பரும் இவர்களைப் போலவே வில்லில் வல்லவர்கள். இத்தகைய மக்களிடம் காசு இல்லை. காசுக்குத் தேவையும் இல்லை. வரியைக் காசாகக் கொடு என்று கேட்டால் அவர்கள் எங்கே செல்வர்? குறிச்சியர் படைக்குத் தலைவராய் நின்றவர் தலக்கல் சந்து.

1802ஆம் ஆண்டு ஒருநாள், கும்பினியாரின் சேவகன் ஒருவன் ஒரு குறிச்சியர் வீட்டுக்கு வந்து நெல் கேட்டு அதட்டினான். அவ்வேளையில் எடச்சேன குங்கன் அவ்வீட்டில் இருந்தார். அதட்டல் வளர்ந்தது, குங்கன் அச்சேவகனை வெட்டி வீழ்த்தினார். இனித் திரும்ப வழியில்லை. அவ்வாண்டு அக்டோபர் 11ஆம் நாள், குங்கனும் தலக்கல் சந்துவும் 150 குறிச்சிய வில்லாளருடன் பனமரத்தில் இருந்த கும்பினிக் கோட்டையின்மீது பாய்ந்தனர். கோட்டையில் இருந்தவர் எழுபது சிப்பாய்கள். அவர்களுக்குத் தலைவர்கள் டிக்கின்சன், மாக்ஸ்வெல் என்னும் இரு ஆங்கிலேயர். துப்பாக்கியை எடுத்து நிமிர்வதற்குள் அம்புகள் வந்து தைத்தன. அதிகாரிகள் இருவரும் சிப்பாய்களும் மாண்டனர். 112 துப்பாக்கிகளும், ஆறு பெட்டி வெடிமருந்தும், 6000 ரூபாயும் வில்லாளர் கைக்கு வந்தன. அருகிலேயே பெரிய கும்பினிப் படை ஒன்று தங்கியிருந்தும் அது உதவிக்கு எழவில்லை.

மாண்ட அச்சிப்பாய்களும் இந்நாட்டவரே. பம்பாய்ப் படையிற் சேர்ந்து, கூலிக்காக உயிரைக் கொடுத்தவர்கள். அவர்களுக்கும் தாயரும் மனைவியரும் இருந்தனர். அவர்கள் பெயரை எவரும் அறியார்.

பனமரச் செய்தி காட்டுத் தீயெனப் பரவியது. புல்பள்ளிக் கோயிலின் முன்னே குங்கன் நின்று மக்களை அழைக்க, ஏறக்குறைய 3000 பேர் திரண்டனர். சீரங்கப்பட்டணத்தில் இருந்த வெல்லெஸ்லி உடனே படைகளை அனுப்பினார். எனினும் கிளர்ச்சி அடங்கவில்லை. மலபாரின் கலெக்டராய் இருந்த மேஜர் மக்ளவுட் நிலவரியைத் திடீரென்று உயர்த்தியதால், 1803ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மலையடிவார நாடுகளிலும் குடிகள் எழுந்தனர். மக்ளவுட் பதவி விலக நேர்ந்தது. வெல்லெஸ்லியும் அவ்வாண்டு மராட்டியப் போருக்குப் புறப்பட்டுச் சென்றார். பின்பு மலபார்ப் பக்கம் போர்செய்ய வரவே இல்லை. வாட்டர்லூ வெற்றியாளர் வயநாட்டை விட்டுச் சென்றபோது பழசி அரசர் அடங்காமலேயே இருந்தார் என்பதே உண்மை. பின்னாளில் ஸ்பெயின் நாட்டில் நெப்போலியன் படையை எதிர்த்தபோது, மலைகளில் மறைந்து நின்று தாக்கிய அந்நாட்டுக் குடிகளே வெல்லெஸ்லிக்கு உற்ற துணையாயினர். வயநாட்டில் கலகம் என்று கண்டதை, ஸ்பெயினில் நாட்டுப்பற்று என்று கண்டார் போலும்!

படையால் முடியாததை நிர்வாகம் முடித்தது. உயர்த்திய வரி குறைக்கப்பட்டது. உள்நாட்டு மக்களிலிருந்தே 1200 பேரைத் தெரிந்தெடுத்துக் கோல்காரர் என்னும் காவற்படை ஒன்று காப்டன் வாட்சன் என்பவரின் கீழ் அமைக்கப்பட்டது. அவர்கள் காட்டு வழிகளை அறிந்தவர்கள், காய்ச்சலுக்கு அஞ்சாதவர்கள். 1804ஆம் ஆண்டு தாமஸ் ஹார்வி பேபர் என்னும் இளைஞர் தலைச்சேரியில் சப்-கலெக்டராக வந்தார். அரசரின் தலைக்கும் அவர் துணைவர் தலைக்கும் விலை வைத்துப் பறையறையப்பட்டது. அரசருக்கு உணவும் செய்தியும் அளித்த ஊர்கள் ஒவ்வொன்றாகக் கண்காணிப்புக்கு உள்ளாயின. தலக்கல் சந்து பிடிபட்டுக் கொல்லப்பட்டார். வில்லாளர் படை தலைவனை இழந்தது.

அரசரை விட்டு விலகிச் சென்றோர் பலர். காட்டிக் கொடுத்தோர் சிலர். ஆனால் வயநாட்டு மக்களில் பெரும்பாலோர் இறுதி வரையில் வாய் திறக்கவில்லை. அரசரின்பால் அவர்கள் கொண்டிருந்த பற்று வழிபாட்டுக்கு ஒப்பானது என்றும், அவர் இறந்த பின்னும் அது மறையவில்லை என்றும் பேபரே தம் மேலதிகாரிகளுக்கு எழுதினார்.

1805ஆம் ஆண்டு நவம்பர் மாதம். மழைக்காலம் முடிந்து காடு வழிவிடத் தொடங்கியிருந்தது. புல்பள்ளியை அடுத்த மைசூர் எல்லையில், ஓர் ஓடைக்கரையில் அரசர் சிலரோடு தங்கியிருக்கிறார் என்று பேபருக்குத் துப்புக் கிடைத்தது. ஐம்பது சிப்பாய்களும் நூறு கோல்காரரும் உடன்வரப் புறப்பட்டார். நவம்பர் 30ஆம் நாள் காலையில் அப்படை அங்கே சென்று சேர்ந்தது. அரசருடன் இருந்தவர்கள் ஏறக்குறைய பத்துப் பேரே. அவர்கள் திடுக்கிட்டெழுந்து போரிட்டனர். பேபரின் அலுவலர் கருணாகர மேனோன் என்பவர் அரசரை வழிமறித்தார். அரசர் துப்பாக்கியை அவர் மார்பில் வைத்து, தம்மை அணுகலாகாது என்று கட்டளையிட்டார். அந்நிலையிலும் அது அரசரின் கட்டளையாகவே இருந்தது.  சிறிது நேரத்தில் அரசர் குண்டுபட்டு வீழ்ந்தார். தம் கணையாழியிலிருந்த வைரத்தை விழுங்கி உயிர் துறந்தார் என்று மலைநாட்டார் கூறும் வழக்கும் உண்டு. எது உண்மையாயினும், உயிரோடு பிடிபடவில்லை என்பதில் இரு கூற்றும் ஒன்றுபடுகின்றன.

அதன்பின் நிகழ்ந்தது எண்ணிப் பார்க்கத்தக்கது. வீழ்ந்த அரசரின் உடலைப் பேபர் தம் சொந்தப் பல்லக்கில் ஏற்றினார். அரசியாருக்குக் காப்டன் கிளாப்பம் என்பவரின் பல்லக்கு அளிக்கப்பட்டது. மறுநாள் உடல் தக்க காவலுடன் மானந்தவாடிக்கு அனுப்பப்பட்டது. அவ்வூர் அந்தணரை அழைத்து, அரசர்க்குரிய முறையில் ஈமக்கடன் செய்யுமாறு பேபர் பணித்தார். கலகக்காரர் என்று தலைக்கு விலை வைக்கப்பட்ட ஒருவருக்கு ஏன் இத்தனை மரியாதை? கிளர்ச்சி செய்தவரே ஆயினும் அவர் இந்நாட்டின் இயல்பான தலைவர்களுள் ஒருவர். ஆதலின் அவரை வீழ்ந்த பகைவராகவே கருதுதல் தகும் என்பது பேபர் கூறிய காரணம். எடச்சேன குங்கனும் சரணடையாமல் உயிர் நீத்தார். 1812ஆம் ஆண்டு, வரியைக் காசாகக் கேட்ட கொடுமையைப் பொறாது, குறிச்சியரும் குறும்பரும் மீண்டும் ஒருமுறை வில்லெடுத்தனர். அக்கிளர்ச்சியும் அடக்கப்பட்டது.

ஆண்டுகள் உருண்டன. குன்னூருக்கு அருகே, ஜெகதளா என்னும் படுகர் ஊரை அடுத்த மேட்டில் ஆங்கிலேயர் தம் படைவீரர்க்குப் பெரும் பாசறை ஒன்று கட்டினர். தொடக்கத்தில் அது ஜெக்கதளாப் பாசறை என்று அவ்வூர்ப் பெயராலேயே வழங்கியது. வெல்லிங்டன் கோமகன் 1852இல் மறைந்தார். அதன்பின் சில ஆண்டுகளில், சென்னை ஆளுநர் சர் சார்லஸ் டிரெவெல்யன் காலத்தையொட்டி, அவ்விடத்திற்கு வெல்லிங்டன் என்று பெயரிடப்பட்டது. படுகரின் ஊர்ப்பெயர் பாசறையை விட்டு நீங்கியது. பழசி அரசரைக் காட்டில் துரத்தியவரின் பெயர் அதே நீலமலையின் கிழக்குப் பக்கத்தில் நிலைபெற்றது. துரத்தப்பட்டவரின் பெயர் மேற்குப் பக்கத்து மக்களின் நாவில் நின்றது.

இந்நாடு விடுதலை பெற்றபின் வெல்லிங்டனின் நிலையும் மாறிற்று. மதராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் அங்கே உள்ளது. முப்படை அதிகாரிகள் பயிலும் பாதுகாப்புப் படைக் கல்லூரியும் உள்ளது. பழைய வெல்லிங்டன் பாசறைக்கு, 1955 முதல் 1957 வரையில் இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியாய் விளங்கிய ஜெனரல் ஸ்ரீநாகேஷின் பெயர் சூட்டப்பட்டது. ஆனால் ஊரின் பெயர் வெல்லிங்டனாகவே இருக்கிறது. அதில் ஒரு சிக்கலும் உண்டு. 1803ஆம் ஆண்டு அசாயே என்னும் இடத்தில் வெல்லெஸ்லியின் கீழ் நின்று மராட்டியரை வென்றவருள் சென்னைப் படைச் சிப்பாய்கள் பலர். அவ்வெற்றிக்குப் பரிசாகப் பெற்றதே மதராஸ் ரெஜிமெண்டு இன்றும் அணியும் யானைச் சின்னம். ஆதலின் வெல்லிங்டன் என்னும் பெயர் முற்றிலும் அயலாரின் நினைவு என்று தள்ளிவிடவும் இயலாது. நம்மவர் சிந்திய குருதியும் அதிற் கலந்திருக்கிறது.

படைத்தளங்களுக்கு யார் பெயரை இடுவது என்னும் கேள்வி பல நாடுகளில் எழுந்துள்ளது. அமெரிக்காவில், உள்நாட்டுப் போரில் அடிமை முறைக்காகப் போரிட்ட தளபதிகளின் பெயர்களைத் தாங்கிய ஒன்பது படைத்தளங்களுக்கு 2023ஆம் ஆண்டு புதுப்பெயர்கள் இடப்பட்டன. அவற்றுள் ஒன்று, முதல் உலகப்போரில் வீரம் காட்டிய கறுப்பினச் சிப்பாய் வில்லியம் ஹென்றி ஜான்சனின் பெயரைப் பெற்றது. 2025ஆம் ஆண்டு பழைய பெயர்களே திரும்ப வந்தன. அதே பெயர் தாங்கிய வேறு வீரர்களைக் குறிப்பன அவை என்று அரசினர் விளக்கம் கூறினர். நம் நாட்டிலும், திருநெல்வேலி மாவட்டத்து விசயநாராயணத்தில் 1990இல் தொடங்கிய கடற்படை நிலையம் கட்டபொம்மன் பெயரைத் தாங்குகிறது. கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட 1799ஆம் ஆண்டே வயநாட்டிலும் போர்மேகம் மீண்டும் சூழத் தொடங்கிய ஆண்டு. 2023ஆம் ஆண்டு சனவரி 23ஆம் நாள், அந்தமானில் பெயரின்றிக் கிடந்த 21 தீவுகளுக்குப் பரம வீர சக்கரம் பெற்ற வீரர்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. அவர்களுள் ஒருவர் 1987இல் ஈழத்தில் உயிர் நீத்த மேஜர் ராமசாமி பரமேசுவரன்.

இப்பட்டியல்களில் பெரும்பாலும் தளபதிகளும் அதிகாரிகளுமே இடம்பெறுகின்றனர். பனமரக் கோட்டையைப் பாய்ந்து பிடித்த 150 பேரில் தலக்கல் சந்துவின் பெயர் ஒன்றே நமக்குத் தெரியும். கோட்டையினுள் மாண்ட சிப்பாய்களில் ஒருவர் பெயரும் தெரியாது; அவர்களின் தலைவர்களாகிய டிக்கின்சன், மாக்ஸ்வெல் ஆகிய இருவர் பெயர் மட்டும் ஏட்டில் உள்ளது. எண்ணி எழுதியவர்கள் துப்பாக்கிகளை 112 என்று பிழையின்றி எண்ணினர். வில்லாளரின் பெயரை எழுத அவர்களுக்குத் தோன்றவில்லை.

கூடலூரிலிருந்து சுல்தான் பத்தேரி சென்று, அங்கிருந்து மேற்கே செல்வோர் பனமரத்தைக் காணலாம். தலக்கல் சந்துவுக்கு அங்கே ஒரு நினைவிடம் உள்ளது. அதற்கு மேலும் சென்றால் மானந்தவாடி. ஊரை ஒட்டிய சிறு குன்றின்மேல் பழசி அரசரின் சமாதி இருக்கிறது. அரசினரின் தொல்பொருள் துறை அதனைப் பாதுகாத்து வருகிறது. அருகில் ஓர் அருங்காட்சியகமும் உண்டு. அதில் மலைவாழ் மக்களின் வில்லும் அம்பும் வைக்கப்பட்டுள்ளன.